ரசிகர் திரளும் ஆளில்லா விமானமும்: வான்வழிப் போரைத் தமிழகம் அறிந்த வரலாறு

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது மம்சாபுரம் பேரூராட்சி. 2008-09 காலத்தில் இவ்வூர்க்காரர் ஒருவர் இலங்கையின் வன்னிப் போரைப் பற்றி அறிந்திருந்தால், அச்செய்தி அவரை எந்த வழியாக எட்டியிருக்கும்? வைகோ போன்றோர் முழங்கிய கட்சி மேடை ஒரு வழி. 1998, 1999 தேர்தல்களில் சிவகாசித் தொகுதியில் வென்றவர் அவர். மற்ற இரண்டு வழிகள் தொலைக்காட்சியும் ரசிகர் மன்றமும். முதல் வழி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டது. பின்னிரண்டும் சேர்ந்து எதைக் கொண்டுவந்தன, எதை வழியிலேயே விட்டுவந்தன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ரசிகர்கள் தங்கள் ஈடுபாட்டைப் பொதுக் காரியத்துக்குத் திருப்புவதை மேலை ஆய்வாளர்கள் அண்மைக்கால நிகழ்வாகப் பேசுவதுண்டு. 2005-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஹாரி பாட்டர் கூட்டணியை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். சூடானின் தார்பூர் படுகொலை குறித்து வாசகர்களைத் திரட்டிய அமைப்பு அது. எம்.ஜி.ஆர். மன்றங்கள் 1972-இல் ஒரு கட்சிக்கே அடித்தளமானதைக் கண்ட தமிழ் வாசகருக்கு இதில் புதுமை ஏதுமில்லை. நம் மன்றங்களுக்குப் போர் புதிது, அவ்வளவே.

அந்தப் புதுமை 2008 அக்டோபரில் வெளிப்படையானது. அம்மாதம் 19-ஆம் தேதி திரையுலகினர் வன்னிப் போரை எதிர்த்து ராமேஸ்வரத்தில் பேரணி நடத்தினர். அங்கு பேசியதற்காக இயக்குநர்கள் சீமானும் அமீரும் 24-ஆம் தேதி கைது செய்யப்பட்டனர். நவம்பர் 1-இல் நடிகர் சங்கம் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தது. அதே மாதம் நடிகர் விஜய் தம் ரசிகர்களோடு உண்ணாவிரதம் இருந்தார். நலத்திட்டங்களுக்கும் பட வெளியீட்டுக்கும் மட்டுமே கூடிப் பழகிய மன்றத்து இளைஞர்கள் ஒரு போருக்கு எதிராக உட்கார்ந்தார்கள் என்பதே இதன் வரலாற்று முக்கியத்துவம். 2009 ஜூலையில் விஜய் மக்கள் இயக்கமும், 2024 பிப்ரவரியில் கட்சியும் பிறந்தது பிற்காலக் கதை.

திரைக்கு ஈடான பங்கு தொலைக்காட்சிக்கும் உண்டு. 2006 செப்டம்பரில் தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியது. 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. அத்திட்டத்தைத் தேர்தல் தந்திரம் என்று மட்டும் பார்த்த விமர்சகர்கள் அதன் இன்னொரு விளைவைக் கவனிக்கவில்லை என்பது என் கருத்து. வன்னிப் போரின் கடைசி மாதங்கள் நடந்தபோது, மம்சாபுரம் போன்ற ஊர்களின் கூலி வீடுகளிலும் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அந்தப் போரில் ஆளில்லா விமானத்தின் இடம் என்ன? இலங்கை விமானப்படை 1996-இல் இஸ்ரேலின் சூப்பர் ஸ்கவுட் வகையை வாங்கியது. பின்னர் அதே நாட்டின் சேர்ச்சர் வகை வந்தது. இவை குண்டு வீசுபவை அல்ல. பகலிலும் இரவிலும் பார்க்கும் கேமராவைச் சுமந்து மணிக்கணக்கில் வட்டமிட்டுப் படத்தை அப்போதைக்கப்போதே தரை நிலையத்துக்கு அனுப்புபவை. அதைப் பார்த்து இலக்கின் இருப்பிடத்தைக் கணிக்கலாம். பீரங்கியும் பல்குழல் எறிகணையும் மிகையொலி விமானமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இடைவிடாத இயந்திர ரீங்காரத்தால் வன்னி மக்கள் அதை 'வண்டு' என்றே அழைத்தனர். வண்டு தலைக்கு மேல் சுற்றினால் அடுத்து எறிகணை வரும் என்ற அச்சம் ஈழத்துப் போர் நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. உலகம் ட்ரோன் போர் என்றதும் 2004-இல் பாகிஸ்தானின் வஜீரிஸ்தானில் தொடங்கிய அமெரிக்கத் தாக்குதல்களை நினைக்கிறது. ஆனால் ஆயுதம் ஏந்தாத வேவு விமானமும் எப்படிக் கொலைச் சங்கிலியின் முதல் கண்ணியாக முடியும் என்பதை வன்னித் தமிழர்கள் அறிந்திருந்தார்கள்.

2009 ஜனவரியில் இலங்கை அரசு முதல் போர் தவிர்ப்பு வலயத்தை அறிவித்தது. பிப்ரவரியில் புதுமாத்தளன் கடற்கரையில் இரண்டாவது, மே மாதம் மூன்றாவது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறியது. ஏப்ரல் 20-ஆம் தேதி விடுதலைப் புலிகளின் மண் அணையை உடைத்துக்கொண்டு மக்கள் ஓடிவரும் காட்சியை ஆளில்லா விமானம் எடுத்தது. அரசு அதை வெளியிட, உலகத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பின. மனிதர்கள் எறும்புகளாய்த் தெரிந்த அந்தப் படம் 'மீட்பு' என்ற பெயரில் வந்தது. படம் எடுத்த கண் யாருடையது, அதற்கு முந்தைய வாரங்களில் அதே கண் எவற்றைப் பார்த்தது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. 2011 ஏப்ரலில் வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை, அரசிடம் ஆளில்லா விமானப் படங்கள் இருந்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. இறுதிக்கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றும் கூறியது. மர்சுகி தருஸ்மான், ஸ்டீவன் ராட்னர், யஸ்மின் சூக்கா ஆகிய மூவர் தயாரித்த அறிக்கை இது.

தமிழகத்தை உலுக்கியவையோ வேறு படங்கள். 2011 ஜூன் 14-இல் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய 'இலங்கையின் கொலைக்களங்கள்' ஆவணப்படத்தில் சிப்பாய்களின் கைப்பேசிக் காட்சிகள் இருந்தன. 2013 பிப்ரவரியில், புலிகளின் தலைவர் பிரபாகரனின் மகனான சிறுவன் பாலச்சந்திரனின் புகைப்படங்கள் வந்தன. மார்ச்சில் லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் மாநிலம் முழுக்கப் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுத, சென்னை ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் ஆடமாட்டார்கள் என்று முடிவானது. தமிழரான முத்தையா முரளிதரனும் அந்த வலைக்குள் அகப்பட்டார். இதிலுள்ள முரணை அன்று பேச யாருக்கும் பொறுமை இல்லை.

2015 பிப்ரவரியில் விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் ஜூனியர் இறுதிச் சுற்றில் கனடாவின் ஈழத்தமிழ்ச் சிறுமி ஜெசிக்கா இரண்டாமிடம் பெற்றார். பரிசான ஒரு கிலோ தங்கத்தை ஆதரவற்ற குழந்தைகளுக்குத் தருவதாக மேடையிலேயே அறிவிக்கப்பட்டது. ஒரு பாட்டுப் போட்டியின் ரசிகர்கள் போரின் மிச்சத்தை எண்ணிக் கலங்கிய தருணம் அது.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. ரசிகத் திரள் ஒரு முகத்தைப் பற்றிக்கொண்டுதான் நகரும். அது நடிகரின் முகமாகவோ, இறந்த சிறுவனின் முகமாகவோ, பாடும் சிறுமியின் முகமாகவோ இருக்கலாம். வண்டுக்கு முகம் இல்லை. ஆகவே கண்ணீர் வந்து சேர்ந்தது, இயந்திரம் வந்து சேரவில்லை.

இயந்திரத்துக்கும் 2018-இல் ஒரு முகம் கிடைத்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் 'தக்‌ஷா' ஆளில்லா விமான மாணவர் குழுவுக்கு நடிகர் அஜித்குமார் ஆலோசகரானார். ரத்த மாதிரியை எடுத்துவரும் போட்டியில் பங்கேற்ற அக்குழு ஆஸ்திரேலியாவில் இரண்டாமிடம் பெற்றது. 2011-லேயே தம் மன்றங்களைக் கலைத்தவர் அஜித். ஆனாலும் ரசிகர்கள் ஆளில்லா விமானத்தைப் பற்றிய செய்தியைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசேர்த்தார்கள். மருத்துவத்துக்கும் கிருமிநாசினி தெளிக்கவும் உதவும் கருவி என்ற அளவில் அச்செய்தி உண்மையே. அதில் வன்னி இல்லை என்பதற்கு அஜித்தையோ மாணவர்களையோ குறைசொல்ல முடியாது. அந்த இடத்தை நிரப்பும் எழுத்து அதற்கு முன்பே பொதுவெளியில் இருந்திருக்க வேண்டும்.

2025 மே 8-ஆம் தேதி தரம்சாலாவில் பஞ்சாப்-டெல்லி ஐ.பி.எல். ஆட்டம் பாதியில் நின்றது. அன்றிரவு 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்கள் வரை பாகிஸ்தானிலிருந்து வந்ததாக இந்திய ராணுவம் பின்னர் கூறியது. ஆட்டம் பார்க்க உட்கார்ந்த தமிழ் ரசிகருக்கு ட்ரோன் போர் நேரடியாக அறிமுகமானது அன்றுதான். 16 ஆண்டுகளுக்கு முன்பே அதன் கீழ் வாழ்ந்தவர்கள் தம் மொழி பேசுவோர் என்பதை அவருக்கு யாரும் நினைவூட்டவில்லை.

மம்சாபுரத்தை ஒட்டிய மொட்டமலை உட்பட விருதுநகர் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. அங்குள்ளோரில் பலர் இறுதிப் போருக்கு வெகுகாலம் முன்பே வந்தவர்கள். இறுதிப் போரைக் கண்ட உறவினர்கள் அவர்களுக்கு இருக்கக்கூடும். ராஜபாளையம், கிருஷ்ணன்கோவில் கல்லூரிகளின் ஆய்வு மாணவர்கள், உரிய அனுமதியோடும் சொல்பவரின் சம்மதத்தோடும், அந்த வாய்மொழிச் சான்றுகளைப் பதிவுசெய்ய முன்வர வேண்டும்.