பேரு நம்மளுது, சின்னம் யாருது?

மூவேந்தருக்கு வில், புலி, மீன்னு ஆளுக்கொரு சின்னம். எங்க கொல்லிமலையை ஆண்ட ஓரிக்கோ வில்லு பேரோடவே ஒட்டிக்கிச்சு: வல்வில் ஓரி. சின்னத்தைப் பார்த்தா ஆள் யாருன்னு தெரியணும், அதான் கணக்கு. இந்தக் கணக்கு உதைச்ச கதை ஒண்ணு இருக்கு மக்களே.

இரண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் விமானப்படையோட 79, 234, 264-ஆம் ஸ்குவாட்ரன்களுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி'ன்னு பேர். காரணம் சிம்பிள்: சென்னை மாகாணம் கொடுத்த போர் நிதி. கொல்லிமலையும் அப்போ சேலம் ஜில்லாவுல, அதே மாகாணத்துலதான் இருந்துச்சு.

சரி, சின்னத்துல நம்ம ஊரு வாடை ஏதாவது உண்டா? ம்ஹூம்! 79-க்கு நெருப்புல பாயற சாலமாண்டர், 234-க்குத் தீ கக்குற டிராகன், 264-க்கு ஒரு இரும்புத் தலைக்கவசம். எல்லாம் ஐரோப்பியச் சரக்கு.

தளபதிகளும் அவங்க ஆளுங்கதான். ஆனா வீரத்துல குறை சொல்ல முடியாது. 264-க்கு ஃபிலிப் ஹன்ட்டர். அவங்க ஓட்டின டிஃபையன்ட் விமானத்துல துப்பாக்கி பைலட்டுக்குப் பின்னாடி இருக்கும், முன்பக்கம் சுட ஒண்ணும் கிடையாது. ஜெர்மன்காரங்க ஹரிக்கேன்னு நினைச்சுப் பின்னாடி வந்து மாட்டினாங்க. 1940 மே 29 அன்னிக்கு மட்டும் 37 விமானத்தை வீழ்த்தினதா 264 கணக்குக் காட்டுச்சு. நிஜக் கணக்கு ரொம்பக் கம்மி. எதிரி சுதாரிச்சு முன்னாடியும் கீழேயும் வர ஆரம்பிச்சதும் கதை மாறிடுச்சு. ஆகஸ்ட் 24-ல எதிரி விமானத்தைத் துரத்திப் போன ஹன்ட்டர் திரும்பவே இல்ல. செப்டம்பர் 7-ல 234-ன் தளபதி ஓ'பிரையனும் செத்தார்.

இதெல்லாம் லண்டனைக் காப்பாத்த. நம்மள?

1942 ஏப்ரல் 6-ல ஜப்பான்காரன் விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் குண்டு போட்டான். ரெண்டும் அன்னிக்குச் சென்னை மாகாணம்தான். தடுக்க அங்க போர்விமானம் கிடையாது. 234-உம் 264-உம் பிரிட்டன்லயே இருந்துச்சு. அதே மாசம் மெட்ராஸ்ல பாதி ஊர் காலி. அரசு ஆபீஸ்களையே உள்நாட்டு ஊர்களுக்கு மாத்தினாங்க. 79 மட்டும் பிற்பாடு இந்தியா வந்து பர்மா முனையில சண்டை போட்டுச்சு.

ஹிட்லரைத் தோற்கடிச்சதுல நம்ம காசுக்கும் பங்கு உண்டு, அதுல எனக்குச் சந்தோஷம்தான். ஆனா பணம் கொடுத்தவனுக்குக் கிடைச்சது பேர்ப்பலகை மட்டும். விமானம் எங்க பறக்கணும்னு முடிவு பண்ற உரிமை லண்டன்ல இருந்துச்சு. அடிமை நாடுன்னா இதான் அர்த்தம்.