புதுச்சேரி ஏரிகளில் பறவை ஒளிப்படக்கலை

புதுச்சேரி ஏரிகளில் பறவை ஒளிப்படக்கலை என்பது வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் நீர்நிலைகளில் காட்டுப் பறவைகளை அவற்றின் இயல்பான வாழிடத்திலேயே படமெடுப்பதைக் குறிக்கும். ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் இதற்குரிய முதன்மையான இடங்கள் ஆகும். நாரை, பூநாரை போன்ற பெரிய பறவைகள் திறந்த நீரில் நிற்பதால் எளிதில் தென்படும். கோரைகளுக்குள் மறைந்து வாழும் பறவைகளைப் படமெடுப்பதே கடினமானது.

இடமும் காலமும்

ஊசுட்டேரி ஏறத்தாழ 800 எக்டேர் பரப்புடையது. புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்துக்கும் பொதுவானது. சங்கராபரணி ஆற்று நீர் வாய்க்கால் வழியாக இதற்கு வருகிறது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணை நீரைக் கொணர்வது பங்காரு வாய்க்கால். வடகிழக்குப் பருவமழைக்குப் பின், நவம்பர் முதல் பெப்ரவரி வரை வலசைப் பறவைகள் மிகுதி. நிலம் கடலை நோக்கிக் கிழக்கே சரிவதால் இப்பகுதி ஏரிகளின் கரை பெரும்பாலும் கிழக்கில் அமையும். எனவே காலையில் கரைமேல் நிற்பவருக்குக் கதிரவன் முதுகுப்புறம் இருக்கும். பறவையின் மேல் நேரொளி விழும்.

மறைந்து வாழும் பறவைகள்

மஞ்சட் குருகு அஞ்சினால் பறக்காது. கழுத்தை நீட்டி அலகை மேலே தூக்கிக் கோரைத் தாள் போலவே அசையாது நின்றுவிடும். அதனைத் தேடி அலைவதைவிட, ஒரே இடத்தில் அமர்ந்து அசைவுக்காகக் காத்திருப்பதே பயன் தரும். மயில் உள்ளான் அந்தி நேரத்தில் இரை தேடுவது. இவ்வினத்தில் பெண்ணே வண்ணம் மிக்கது. அடைகாப்பதும் குஞ்சுகளைப் பேணுவதும் ஆண்.

கருவியும் மறைவிடமும்

400 மி.மீ. குவியத்தூர வில்லையால் 30 மீட்டர் தொலைவில் உள்ள 38 செ.மீ. நீளக் குருகைப் படமெடுத்தால், உணரியில் விழும் உருவம் சுமார் 5 மி.மீ. மட்டுமே. 22 மி.மீ. அகலமுள்ள உணரியில் இது கால் பங்குக்கும் குறைவு. ஆகவே விலையுயர்ந்த கருவியைவிட அருகில் இருப்பதே முக்கியம். அதுவும் பறவை தானே அருகில் வரவேண்டும். இங்கிலாந்தின் கியர்டன் உடன்பிறப்புகள் 1900 ஆம் ஆண்டில் உள்ளீடற்ற மாட்டுருவுக்குள் ஒளிந்து படமெடுத்தனர். பாகூர் வயல்களில் கொக்குகள் உழவு இயந்திரத்தின் பின்னாலேயே அச்சமின்றி நடப்பதைக் கண்டவர்களுக்கு அது வேடிக்கையாகத் தோன்றாது. வாகனத்தினுள் இருந்தவாறோ, கோரை நிறத் துணிக்குப் பின்னாலோ, பறவைகள் விழிக்குமுன் சென்று அமர்வது இன்றைய வழக்கம்.

கூடும் சட்டமும்

அடைகாக்கும் பறவையை எழுப்பினால் முட்டைகள் வெயிலில் வெந்துபோகலாம். காகங்களும் அவற்றைக் கவரலாம். படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கூட்டைச் சுற்றியுள்ள கோரையை ஒதுக்குவது இதனினும் தீது. கூடு இருக்குமிடம் வேட்டை விலங்குகளுக்குத் தெரிந்துவிடும். இதனால் பல போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் தவிர்க்கத்தக்கது. அது இல்லாத போட்டியாளனை விரட்டத் தன் ஆற்றலை வீணாக்கும்.

ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பகுதியும் பின்னர் அந்நிலையை அடைந்தது. 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்தினுள் ஒளிப்படம் எடுக்க நுழைவதற்குத் தலைமைக் காட்டுயிர்க் காப்பாளரின் அனுமதி தேவை.