மருந்துத் தூள் வந்த வழி

நிலக்கோட்டையில் மேல்நிலைத் தொட்டிக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடர் துணி வெளுக்கப் பிறந்தது. நீற்றிய சுண்ணாம்பில் குளோரின் வாயுவைச் செலுத்தி இந்த வெள்ளைத் தூளைச் செய்யும் முறைக்கு, கிளாஸ்கோவின் சார்லஸ் டெனன்ட் 1799-இல் காப்புரிமை வாங்கினார். 1847-இல் வியன்னாவில் டாக்டர் செம்மல்வைஸ், பிரசவ வார்டு டாக்டர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். தாய்மார் சாவு சட்டென்று குறைந்தது.

குடிநீருக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் அமெரிக்க டாக்டர் ஜான் லீலை நான் மறப்பதில்லை. போர்முனையில் தொற்றிய வயிற்றுக்கடுப்பால் பல வருஷம் நலிந்து இறந்தவரின் மகன் அவர். 1908 செப்டம்பர் 26 முதல் ஜெர்சி சிட்டிக்குப் போகும் தண்ணீரில் இந்தத் தூளின் கரைசலைக் கலந்தார். நகரத்தாரிடம் அனுமதி கேட்கவில்லை. வழக்கு நடந்தது. இந்தத் தண்ணீரைத்தான் தானும் குடிப்பதாகக் கூண்டில் நின்று சொன்னார். நீதிமன்றம் அந்த முறையை ஏற்றுக்கொண்டது.

நம் ஊருக்கு வரும் தூளுக்குப் பகை, வழிதான். புதுத் தூளில் நூற்றுக்கு 33 பங்குவரை வேலை செய்யும் குளோரின் இருக்கும். லாரியிலும் குடோனிலும் திண்டுக்கல் சீமையின் வெக்கை அதைத் தின்றுவிடும். மூட்டையின் வாயைக் கட்டாமல் போட்டால் ஈரக்காற்றும் சேர்ந்துகொள்ளும். எடையும் நிறமும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

கைதேர்ந்த ஆபரேட்டர் தூளை அப்படியே தொட்டியில் கொட்டமாட்டார். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கில் எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைப்பார். பிறகு வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தெளியவிடுவார். தெளிவு மட்டும் தொட்டிக்குப் போகும். அடியில் தங்கிய சுண்ணாம்பு வெளியே போகும். அரைமணி நேரம் கழித்தே தண்ணீர் திறக்க வேண்டும்.

குழாயில் பிடித்த தண்ணீரில் “மருந்து வாடை” என்று முகம் சுளிக்கிறோம். அந்த வாடை தரும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். குடத்துக்குள் விரலோடு டம்ளரை விட்டு மொள்ளும் வீட்டில், அந்த மிச்சம்தான் காவல். குளோரின் சோதிக்கும் குளோரோஸ்கோப் குப்பியில் சொட்டு மருந்து விட்டதும் மஞ்சள் தட்டினால் மிச்சம் இருக்கிறது. இந்தச் சோதனையைத் தொட்டியடிக் குழாயோடு முடித்துவிடக் கூடாது, தெருக்கோடிக் கடைசி வீட்டிலும் செய்ய வேண்டும். அங்கே மஞ்சள் வராவிட்டால், மூட்டை எப்போது வந்தது, வாய் கட்டியிருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும்.