ஏரிக்கீழ் நிலமும் இயற்கை எருவும்

பெங்களூரில் தமிழர் வாழ்வு, 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் படைக் குடியிருப்பு அமைந்த பின்னரே தொடங்கியது என எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். படைக்கும் இருப்புப்பாதைக்கும் ஆலைகளுக்கும் உழைக்க வந்த குடும்பங்கள் நம்முள் பல என்பது உண்மையே. ஆயினும் இம்மண்ணில் தமிழ் அதனினும் பல நூற்றாண்டுகள் மூத்தது. அதற்குக் கல்லே சான்று.

கி.பி. 1004 அளவில் சோழர் கங்கபாடியைக் கைக்கொண்டனர். 1116-இல் போசளர் அவர்களை வென்று தலைக்காட்டைக் கைப்பற்றினர். ஆட்சி மாறிய பின்னும் இவ்வட்டாரக் கோயில்களில் தமிழ் பொறிக்கப்பட்டு வந்தது. கன்னட நாட்டு வேந்தரின் பெருந்தன்மைக்கு இது நற்சான்று.

மடிவாளாச் சோமேசுவரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. இன்று பேகூர் எனப்படும் வேப்பூரைச் சேர்ந்த ஒருவர், வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் கோயிலுக்கு அளித்ததை அது கூறுகிறது. மூன்றாம் பல்லாளன் காலத்துக் கல்வெட்டுகளோ, இன்றைய தாவரெகெரெயைத் தாமரையின் பெயராலேயே குறிக்கின்றன. தொம்மலூர்ச் சொக்கப்பெருமாள் கோயிலிலும் ஏரியும் நிலமும் கொடையாகப் பேசப்படுகின்றன.

நிலக்கொடையின் நுட்பம் யாது? பொன் செலவாகிவிடும், நிலமோ ஆண்டுதோறும் விளையும். மண் உயிரோடிருக்கும் வரையில் கோயில் விளக்கும் எரியும். ஆதலின் கோடையில் ஏரி வண்டலை அள்ளி வயலில் இட்டனர். தழையும் சாணமும் சேர்த்தனர். அறமும் உழவும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

அம்முறையை இன்றும் கைக்கொள்ளும் பண்ணை ஒன்றைக் காணவே, சங்கக் குடும்பத்தினராகிய நாம் நகருக்கு வடக்கேயுள்ள தொட்டபள்ளாபுரம் வட்டத்திற்குச் சென்றோம். ஜப்பானியப் பேரறிஞர் மசனோபு புகுவோகாவின் கருத்துகளால் ஊக்கம் பெற்று, இயற்கை வேளாண்மையைப் பரப்பி 2019-இல் மறைந்த நாராயண ரெட்டி உழைத்த வட்டம் அது. நாம் கண்ட பண்ணையில் செம்மண் வெயிலில் காயாதவாறு சருகு மூடாக்கு இட்டிருந்தனர். சருகு மக்கி மண்புழுவுக்கு உணவாகிறது. புழு துளைத்த வழியே மழைநீர் உள்ளிறங்குகிறது. கையிலெடுத்த மண் பொலபொலவென உதிர்ந்ததைக் கண்டு நம் சிறுவர் வியந்தனர்.

அங்கிருந்து காட்டி சுப்பிரமணியர் கோயிலை அடைந்தோம். ஒரே கல்லில் முருகன் கிழக்கு நோக்கியும் நரசிம்மர் மேற்கு நோக்கியும் எழுந்தருளியுள்ளனர். பின்னுள்ள கண்ணாடியில் நரசிம்மரைத் தொழுதோம். இத்தலம் மாட்டுச் சந்தைக்கும் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. தெய்வம், கால்நடை, உழவு மூன்றும் ஈண்டு இன்றும் பிரியவில்லை.

நகரிலோ நிலை வேறு. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரியில் கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்தது. கோயிலும் கல்லும் நிற்கின்றன. அக்கல் பேசும் நன்செய்யோ கட்டடங்களின் கீழ் மறைந்தது. போன ஏரியை நாம் மீட்க இயலாது. எஞ்சிய ஏரியில் குப்பை கொட்டாதிருக்க இயலும். சமையற் கழிவை வீடுதோறும் எருவாக்க இயலும். விடுமுறை நாளில் மக்களை மடிவாளாவுக்கு அழைத்துச் சென்று அக்கல்லைக் காட்டவும் இயலும்.

எழுநூறு ஆண்டுகட்கு முன் இங்கு வாழ்ந்தோர் மொழியைக் கல்லிலும் வாழ்வை மண்ணிலும் வைத்துச் சென்றனர். மொழியைக் காக்கச் சங்கம் கண்ட நாம், மண்ணையும் காப்போமாக!