கரகரப்பின் வரலாறு

உலகம் முழுக்க வீட்டுக் கணினிகள் பாடவும் பேசவும் தொடங்கியதில் சிங்கப்பூருக்குப் பெரிய பங்கு உண்டு. தேக்காவில் என்னிடம் பழுதுபார்க்க வரும் இளையர்களிடம் இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. சிம் வோங் ஹூ நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர், ஹார்மோனிகா வாசிப்பவர். 1981-ல் கூடப் படித்த இங் காய் வாவோடு சேர்ந்து சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் திறந்தார். அந்தக் கடைதான் பிறகு கிரியேட்டிவ் டெக்னாலஜி ஆனது. அது ஒரு ரிப்பேர் கடையாகப் பிறந்தது என்பதை நான் அழுத்தித்தான் சொல்வேன். ஓயாமல் பெட்டியைத் திறந்து பார்க்கிறவனுக்குத்தான் உள்ளே என்ன குறை என்று தெரியும்.

அந்தக் காலத்து பிசிக்குள் இருந்தது ‘பீப்’ என்று கத்தும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றுதான். கிரியேட்டிவ் 1987-ல் ஓர் இசை அட்டை செய்தது. அது பெரிதாக எடுபடவில்லை. 1989-ல் வந்த சவுண்ட் பிளாஸ்டர்தான் கதையை மாற்றியது. கனடாவின் ஆட்லிப் அட்டையில் இருந்த அதே யமஹா சிப் இதிலும் இருந்தது. கூடவே குரலைப் பதிந்து திருப்பி ஒலிக்கும் வசதியும், ஜாய்ஸ்டிக் செருக இடமும் ஒரே அட்டையில் கிடைத்தன. 1992-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் சிங்கப்பூர் நிறுவனமாக கிரியேட்டிவ் ஆனது. ஆட்லிப் நொடித்துப்போனதும் அதே ஆண்டில்தான்.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் சிம் லிம் டவர், ரோச்சோர் கால்வாயைத் தாண்டினால் எதிரே 1987-ல் திறந்த சிம் லிம் ஸ்குவேர். நான் தொழில் கற்றது இந்த இரண்டு கட்டடங்களுக்கும் நடுவேதான். ஸ்குவேரில் அட்டை வாங்குவோம், டவரில் வயரும் ஜாக்கும் சாலிடரும் வாங்குவோம். காசு குறைவென்றால் சுங்கை ரோடு சந்தை. 2017 ஜூலை 10-ல் மூடும்வரை அங்கே தரையில் விரித்த பாயில் பழைய சவுண்ட் கார்டுகள் ரிமோட்டுகளோடு கலந்து கிடக்கும்.

அன்று வந்த புகாரும் இன்று வருகிற புகாரும் ஒன்றுதான்: “சத்தம் உடைஞ்சு வருதுண்ணே.” அட்டை கெட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் அட்டையில் குறை ஒன்றும் இருக்காது. கணினியிலிருந்து சத்தம் அதற்குப் போய்ச் சேரும் வழியில்தான் கோளாறு இருக்கும். முதல் சவுண்ட் பிளாஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். கணினி சத்தத்தைத் துண்டு துண்டாக அனுப்பும். ஒரு துண்டு தீர்ந்ததும் அடுத்ததைக் கேட்டு அட்டை ஒரு சைகை கொடுக்கும். அந்தச் சைகைக்கென்று ஓர் எண் உண்டு, ஐஆர்க்யூ என்போம். தொழிற்சாலையிலேயே அதை 7 என்று வைத்து அனுப்பினார்கள். பிரிண்டர் போர்ட்டுக்கும் அதே 7. இரண்டும் மோதினால் ஒரு துண்டு மட்டும் ஒலித்து அப்படியே நின்றுவிடும். அந்த எண்ணைத் தீர்மானிக்கும், அரிசி மணி அளவுள்ள ஜம்பரை இடுக்கியால் பிடுங்கி 5-க்கு மாற்றுவோம். பிறகு ஆட்டோஎக்ஸெக் கோப்பில் ‘செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ5 டி1’ என்ற வரியைத் திருத்துவோம். அதோடு சரியாகிவிடும். முதல் மாதிரிகளில் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ‘டக்’ என்று ஓர் ஓசை வரும். அதை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சவுண்ட் பிளாஸ்டர் 2.0 வந்துதான் அது தீர்ந்தது.

2000-2001 வாக்கில் வந்தது இதைவிட மோசம். சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டையை வியா 686பி சிப் உள்ள மதர்போர்டில் போட்டால் பாட்டு முழுக்கப் பொரியும். அட்டையை மாற்றினாலும் பொரிந்தது. உள்ளே தரவு போகும் பாதையில்தான் கோளாறு.

மடிக்கணினி பெருகியதும் அட்டைக்கு இடமில்லாமல் போயிற்று. பெட்டிக்குள் இருக்கும் மின் இரைச்சலிலிருந்து ஒலியைத் தள்ளி வைப்பதும் நல்லது என்று பட்டது. கிரியேட்டிவின் எக்ஸ்டிஜி போன்ற வெளிப்பெட்டிகள் யூஎஸ்பி வழியே வந்தன. இன்று டிஏசி என்று கையடக்கமாக விற்பதெல்லாம் அந்த வம்சம்தான்.

யூஎஸ்பியில் நடப்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் பாதி ரிப்பேர் முடிந்தது. சிடி ஒலிக்கு நொடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது சாம்பிள்கள், வேண்டும். பழைய வகை யூஎஸ்பி நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஒரு பொட்டலம் அனுப்பும். 44,100-ஐ ஆயிரத்தால் வகுத்தால் முழு எண் வராது. அதனால் ஒன்பது பொட்டலங்களில் 44 மாதிரிகளும் பத்தாவதில் 45-ம் போகும். வழியில் ஒரு பொட்டலம் கெட்டால் கணினி அதைத் திரும்ப அனுப்பாது, ஒலிக்குக் காத்திருக்க நேரமில்லை. அந்த ஓட்டைதான் காதில் ‘பட்’ என்று விழுகிறது. ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் பஃபர் என்பது வீட்டுக் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி மாதிரி. தெருக் குழாயில் வரத்து விட்டுவிட்டு வந்தாலும், தொட்டியில் நீர் இருக்கும்வரை வீட்டுக் குழாய் சீராக ஓடும்.

ஆகவே டிஏசியைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, அதை எதில் செருகினீர்கள் என்பதுதான். அண்மையில் ஈசூனிலிருந்து வந்தவர் ஒரே ஹப்பில் டிஏசி, ஹார்ட் டிஸ்க், வெப்கேம் மூன்றையும் மாட்டியிருந்தார். “புதுசு வாங்கிடவாண்ணே?” என்று கேட்டார். ஹப்பைக் கழற்றி, குட்டைக் கேபிளால் கணினியின் சொந்தப் போர்ட்டில் செருகினேன். முக்கால்வாசிக் கரகரப்பு போனது. பஃபரைக் கூட்டி, யூஎஸ்பிக்கு மின்சாரம் மிச்சம் பிடிக்கும் அமைப்பை நிறுத்தியதும் மிச்சமும் போனது. அப்படியும் போகாத வீடுகளில் வைஃபையை அணைத்துப் பார்க்கச் சொல்வேன். வைஃபையின் கெட்ட டிரைவர் ஒன்று கணினியைக் கண நேரம் பிடித்து வைத்தாலே தொட்டி காலியாகிவிடும்.

விடாமல் ‘ம்ம்ம்’ என்று முனகினால் அது வேறு வியாதி. நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கணினியும் ஆம்ப்ளிஃபையரும் வேறு வேறு சாக்கெட்டில் இருந்தால் எர்த் வழியே வளையம் உண்டாகும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் முனகல் நின்றால் சந்தேகம் வேண்டாம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டுங்கள். எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். அது உயிருக்குக் காவல்.

சிம் வோங் ஹூ 2023 ஜனவரி 4-ல் 67 வயதில் காலமானார். தன் அட்டைகளில் மக்கள் எதையெல்லாம் பதிந்து வைத்தார்கள் என்று அவர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். தேக்கா வட்டாரக் குடும்பங்கள் பல, கல்யாண மேளமும் தாத்தாவின் குரலும் இருந்த கேசட்டுகளை அந்த அட்டைகள் வழியேதான் கணினிக்குள் ஏற்றின. அதில் சில கோப்புகள் எந்த டிஏசியிலும் உடைந்துதான் கேட்கும். பதிந்த நாளில் உள்வாங்கும் அளவை அதிகமாக வைத்துவிட்டார்கள். ஆடியோ மென்பொருளில் திறந்தால் தவில் அடி விழும் இடமெல்லாம் அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டிருக்கும். வெட்டுப்பட்ட பகுதி அந்தக் கோப்பில் இல்லை, ஆனால் கேசட்டில் இன்னும் இருக்கலாம். அதனால் டிஏசியோடு வருகிறவர்களிடம் வீட்டில் பழைய கேசட் கிடக்கிறதா என்றும் கேட்கிறேன். கொண்டு வந்தால் டேப் பிளேயரின் ஹெட்டைத் துடைத்து, அளவைக் குறைத்து, முதலிலிருந்து பதிந்து தருகிறேன்.