கன்னியும் சிப்பிப்பாறையும்

சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை தென் தமிழகத்தின் கரிசல் நிலத்தில் முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்டு வந்த நாய்கள். ஒடுங்கி நீண்ட முகம், ஆழமான நெஞ்சுக்கூடு, முதுகெலும்பை நோக்கி ஏறிய வயிறு, மெல்லிய நெடுங்கால்கள், உடலோடு ஒட்டிய குட்டை மயிர், சாட்டை போன்ற வால் என்று இரண்டின் வார்ப்பும் ஒன்றே. உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான்: வளர்ந்த ஆண் நாய் தோள்பட்டையில் 25 அங்குலத்தை ஒட்டி நிற்கும், பெட்டை சற்றுக் குறைவு. இருட்டில் தடவிப் பார்த்து எது கன்னி, எது சிப்பிப்பாறை என்று சொல்ல முடியாது. வெளிச்சத்தில் மேனி நிறத்தைப் பார்த்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கன்னி கறுப்பு நாய். ஆனால் முழுக் கறுப்பு அல்ல. இரு கண்களுக்கும் மேலே ஒவ்வொரு பொட்டு, மூக்குத் தண்டின் இரு பக்கம், மார்பு, கால்களின் கீழ்ப்பகுதி, வாலின் அடிப்புறம் ஆகிய இடங்களில் செம்பழுப்பு ஓடியிருக்கும். அந்த இடங்கள் வெளிறிப் பாலேடு நிறத்தில் இருந்தால் பால் கன்னி என்பார்கள். சிப்பிப்பாறையோ பெரும்பாலும் ஒரே நிறம் போர்த்திய நாய். தவிட்டு நிறம், செவலை, சாம்பல், கறுப்பு என எதுவாகவும் இருக்கலாம். வெள்ளை மிகக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாமலே இருந்தால் இன்னும் நல்லது. குழப்பம் வருவது கறுப்புச் சிப்பிப்பாறையில்தான். தொலைவில் பார்த்தால் கன்னி போலவே தெரியும். அருகில் சென்று புருவத்தையும் வாலின் அடிப்புறத்தையும் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

குணத்தாலும் பிரிப்பவர்கள் உண்டு. கன்னி கூச்சம் மிகுந்தது, சிப்பிப்பாறை துணிந்தது என்று வளர்ப்பவர்கள் பலர் சொல்கிறார்கள். இதை அடையாளமாகக் கொள்ளத் தயங்க வேண்டும். கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை நாய்கள் பொதுவாகவே அந்நியரிடம் ஒதுங்கி நிற்பவை. கட்டிப்போட்டு வளர்த்த நாயும் காட்டில் ஓடி வளர்ந்த நாயும் ஒரே தாய்க்குப் பிறந்திருந்தாலும் ஆளைக் கண்டால் வேறு வேறு விதமாகத்தான் நடந்துகொள்ளும்.

ராஜபாளையத்தோடும் கோம்பையோடும் இவற்றைக் குழப்பிக்கொள்ள வழியில்லை. ராஜபாளையம் கனத்த எலும்பும் வெள்ளை மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்டது. கோம்பை செந்நிறமும் கருமுகமும் கொண்ட காவல் நாய்.

சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் பக்கத்தில் உள்ள ஓர் ஊர். நாய் அந்த ஊரின் பெயரைப் பெற்றாலும் அங்கே மட்டும் வளர்ந்ததில்லை. கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துச் சிற்றூர்களிலும் இந்த நாய்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கின்றன. அந்த நிலத்தைப் பார்த்தால் நாயின் உடலமைப்புக்குக் காரணம் புரியும். பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் மானாவாரிக் காடு. அறுவடை முடிந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மறைப்பே இல்லாத வெட்டவெளி. அங்கே மோப்பம் பிடித்து நிதானமாகப் போகும் நாய்க்கு முயல் சிக்காது. தொலைவிலேயே அசைவைக் கண்டு ஒரே மூச்சில் பாய்ந்து மறிக்கும் நாய் வேண்டும். முழு வேகத்தில் ஓடும்போது இவ்வகை நாய்களின் நான்கு கால்களும் ஒரு பாய்ச்சலுக்கு இருமுறை தரையை விட்டு எழும்: கால்களை முன்னும் பின்னுமாக முழுக்க விரித்தபோது ஒருமுறை, வயிற்றுக்கடியில் முழுக்க மடக்கியபோது மறுமுறை. வளையும் முதுகும் விரிந்த நெஞ்சும் இதற்கானவைதாம்.

தமிழ் நிலத்தில் நாயின் வரலாறு மிகப் பழையது. சங்கப் பாடல்களில் வேடரோடு நாய்கள் வருகின்றன. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் காலத்து நடுகல் ஒன்று, கோவிவன் என்ற நாயின் உருவத்தைத் தாங்கி, அது இரு கள்ளர்களைக் கடித்த செய்தியைச் சொல்கிறது. நாய்க்குப் பெயர் சொல்லி நினைவுக்கல் எழுப்பிய மண் என்று பெருமைப்படலாம். ஆனால் அந்தக் கோவிவனிலிருந்து இன்றைய கன்னிக்கு நேர்க்கோடு இழுப்பது வரலாறாகாது. பாளையக்காரர்களும் அவர்களுக்குப் பின் ஜமீன்தார்களும் வேட்டை நாய்களைப் போற்றி வளர்த்தார்கள் என்ற நினைவு தெற்கே இன்னும் இருக்கிறது. சம்சாரி வீட்டு முற்றத்தில், வம்சாவளி எழுதாமல், ஓட்டத்தைப் பார்த்து மட்டும் இணை சேர்த்து வளர்த்த நாய்கள் அவற்றைவிட அதிகம். எழுத்து ஆவணம் இல்லாமல் போனதற்கு அதுவே காரணம்.

கன்னி என்ற பெயருக்கு ஊரில் சொல்லும் கதை ஒன்று உண்டு: மணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீரோடு சேர்த்து இந்த நாயைக் கொடுத்து அனுப்பினார்களாம். கதை அழகானது. ஆனால் அதே வட்டாரத்தில் கன்னி ஆடு என்ற வெள்ளாட்டினமும் இருக்கிறது. அதன் மேனியும் கறுப்பு. முகத்திலும் காதின் உட்புறத்திலும் வயிற்றடியிலும் கால்களிலும் வெள்ளையோ செம்மையோ ஓடியிருக்கும். வெள்ளை ஓடியது பால் கன்னி, செம்மை ஓடியது செங்கன்னி. ஆட்டுக்கும் நாய்க்கும் ஒரே நிற அமைப்பு, ஒரே பெயர். கரிசல்காட்டுக்காரர்கள் கன்னி என்றபோது முதலில் ஒரு நிறத்தையே குறித்தார்கள் என்று கொள்ள இது போதுமான காரணம்.

மரபியலும் அந்தப் பக்கமே சாய்கிறது. நாய்களில் தவிட்டு நிறத்தையும் செவலையையும் தரும் மரபணு வடிவம் ஓங்கியது. கறுப்பின் மேல் செம்பழுப்புப் புள்ளிகளைத் தரும் வடிவம் அதன் முன் ஒடுங்கியது. ஒடுங்கிய வடிவம் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் மேனியில் தெரியும். ஆகவே இரண்டு செவலைச் சிப்பிப்பாறைகள் அந்த வடிவத்தை மறைவாகச் சுமந்தால், அவற்றின் ஒரே ஈற்றில் செவலைக் குட்டிகளோடு கன்னி நிறக் குட்டியும் பிறக்கலாம்; ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. முழுக் கறுப்பு வேறொரு ஓங்கிய மரபணுவால் வருவது. அதனால் கறுப்புச் சிப்பிப்பாறையின் உள்ளேயும் கன்னி நிறம் ஒளிந்திருக்க முடியும். ஒரு வயிற்றில் பிறந்த குட்டிகளை நிறம் பார்த்து இரண்டு இனமாக எழுதினால், உடன்பிறந்தவை இரண்டு பதிவேடுகளுக்குப் பிரிந்து போகின்றன.

கன்னி தனி இனமா என்பதில் ஆவணங்கள் ஒத்துப்போகவில்லை. கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபு வளப் பணியகம் நாட்டில் முதன்முறையாக நாய் இனங்களைப் பதிவு செய்தபோது எடுத்துக்கொண்டவை மூன்று: ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல். கன்னிக்கு அதில் தனியிடம் இல்லை. 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தம் வானொலி உரையில் இந்திய நாயினங்களைப் பற்றிப் பேசியபோது கன்னியையும் சிப்பிப்பாறையையும் தனித்தனியாகவே குறிப்பிட்டார். இத்தகைய முரண் வெளிநாடுகளிலும் உண்டு. பெல்ஜியத்து மேய்ப்பு நாயை, மயிரின் நிறமும் நீளமும் மாறினாலும், பன்னாட்டு நாயினக் கூட்டமைப்பு ஒரே இனத்தின் நான்கு வகைகளாகக் கொள்கிறது. அமெரிக்கக் கென்னல் கிளப் அவற்றைத் தனித்தனி இனங்களாக நடத்துகிறது.

இந்த நாய்கள் அருகியதற்கு நிறம் காரணமில்லை. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. முயலுக்கும் காட்டுக்கும் அது தேவையான சட்டம்தான். ஆனால் வேட்டைக்கென்றே வளர்த்த நாய்க்கு அதன்பின் வேலை இல்லாமல் போனது. நகரங்களில் அல்சேஷனும் பாமரேனியனும் மதிப்புப் பெற்றன. 2005-இல் அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் ராஜபாளையம் இடம்பெற்றது. சிப்பிப்பாறையும் கன்னியும் இடம்பெறவில்லை. எழுத்தாளர் சு. தியடோர் பாஸ்கரன் நாட்டு நாயினங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். இந்திய நாய்களைப் பற்றிய அவரது ஆங்கில நூல் 2017-இல் வந்தது. அடுத்த ஆண்டு வெளியான ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் வரும் கருப்பி என்ற நாய், சிப்பிப்பாறை என்ற பெயரை அந்த வட்டாரத்தைத் தாண்டியும் கொண்டுசென்றது.

கவனம் கூடியதும் குட்டிகளுக்கு விலையும் கூடியது. விலை கூடியதும் இது கன்னியா, சிப்பிப்பாறையா என்ற கேள்வியும் கூர்மையானது. இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. இருப்பதே சிறு கூட்டம். அதை நிறத்தால் இரண்டாக்கி, கன்னிக்குக் கன்னி, செவலைக்குச் செவலை என்று மட்டும் இணை சேர்த்தால் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் சுருங்கும். வெள்ளை மேனியை மட்டும் போற்றி வளர்த்த ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு தலைகாட்டுவது, நிறத்தை மட்டும் பார்த்து வளர்ப்பதால் வரும் கேட்டுக்கு அருகிலேயே இருக்கும் சான்று. கன்னி என்ற பெயரும் அந்த நிறத்தின் மேல் உள்ள பற்றும் இருக்கட்டும். அவை கரிசல் மக்களின் சொத்து. பெயரை நிறத்துக்கு வைத்துக்கொண்டு, இணை சேர்ப்பதை இரு பக்கத்துக்கும் திறந்துவிடலாம். எந்தச் செவலை நாய் கன்னி நிறத்தை மறைவாகச் சுமக்கிறது என்பதைக் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் தடவி எடுக்கும் மாதிரியைக் கொண்டு மரபணுச் சோதனை சொல்லிவிடும். இணை சேர்க்கும் முன்பே எந்த நிறக் குட்டிகள் வரலாம் என்று வளர்ப்பவர் கணக்கிட்டுக்கொள்ளவும் முடியும்.