பிணை

ஒருவன் தன் கடமையை நிறைவேற்றுவான் என்று அவன் பொருட்டு மற்றொருவர் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்வதே பிணை. கட்டுதல் என்னும் பொருளுடைய பிணைத்தல் என்ற வினையடியாகப் பிறந்த இச்சொல், அரபியில் தோன்றிப் பாரசீகத்தின் வழியே நம் கச்சேரிகளில் குடியேறிய ஜாமீன் என்பதோடு இன்றளவும் சமாதானமாகவே வாழ்ந்து வருகிறது. புணை என்னும் பழஞ்சொல்லுக்கும் ஈடு என்ற பொருள் உண்டு; தெப்பம் என்ற பொருளும் உண்டு.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 126-ஆம் பிரிவில் கடன்பட்டவர், கடன் கொடுத்தவர், பிணையாளி என மூவரை நிறுத்துகிறது. பாலம் கட்டும் காண்டிராக்டர், வேலையை நடுவில் கைவிடமாட்டார் என்பதற்கு அத்தாட்சியாக, தம் வைப்புப் பணத்தை ஈடு காட்டி வங்கி உத்தரவாதம் பெற்று அரசுத் துறையிடம் ஒப்படைப்பதே நெடுநாளைய சம்பிரதாயம். அவ்வாறு முடங்கும் மூலதனத்தை விடுவிக்கும் உத்தேசத்துடன், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த நெறிகள் 2022 ஏப்ரலில் அமலுக்கு வரவே, பிரீமியம் பெற்றுக்கொண்டு காப்பீட்டு நிறுவனங்களும் பிணை எழுதிக் கொடுக்கலாயின.

இதைக் காப்பீடு என்பது, என் அபிப்பிராயத்தில், பாதியளவே பொருந்தும். ஒரு வணிகரின் எரிந்துபோன கிடங்குக்கு நஷ்டஈடு தந்த நிறுவனம் அதை அவ்வணிகரிடமே திருப்பிக் கேட்பதில்லை. பிணை எழுதிய நிறுவனமோ, துறைக்குக் கொடுத்த தொகையை ஒப்பந்தச் சட்டத்தின் 145-ஆம் பிரிவின் பலத்தால் காண்டிராக்டரிடமே வசூலிக்கும் உரிமை உடையது. பிரீமியம் கட்டுபவர் ஒருவர், பாதுகாப்புப் பெறுபவர் வேறொருவர். ஆகவேதான் பிணைப் பத்திரம் எழுதுமுன் காண்டிராக்டரின் ஐந்தொகையையும் அனுபவத்தையும் கைவசமுள்ள வேலைகளையும், கடன் கொடுக்கப்போகும் வங்கியைப் போலவே, நிறுவனம் துருவித் துருவி ஆராய்கிறது.